பத்து விரலுக்கு மூன்றரை கிராம் நிலக்கரி

மார்கழி பிறந்து நாலு நாள் ஆனால் நெய்வேலி வீடுகளில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும். ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது கட்டியாகிவிடுவதால், தனியாக வெப்பமானி வாங்க வேண்டிய அவசியம் இல்லை. டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் இந்த ஊரின் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி நிற்கும். சில நாள் இன்னும் இரண்டொரு டிகிரி இறங்கும். டில்லிக்காரரிடம் இதைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பார். ஊட்டிக்காரரும் சிரிப்பார், அவர் ஊர்ப் புல்வெளிகளில் அந்த மாதங்களில் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும்.

சிரிக்கட்டும். முதல் ஷிப்டுக்கு மைன்ஸ் என்கிற சுரங்கத்துக்கும் தெர்மல் என்கிற அனல்மின் நிலையத்துக்கும் சைக்கிள் மிதிப்பவர்களைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு லேசானதல்ல என்று தெரியும். தலையில் மங்கி குல்லா, கழுத்தில் மப்ளர், கை மட்டும் வெறுங்கை. டவுன்ஷிப்வாசிகளில் பெரும்பாலோர் பைக்குக்கு மாறி எத்தனையோ காலமாயிற்று. பள்ளிப் பிள்ளைகளும், பணி ஓய்வு பெற்றவர்களும், சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரும் இன்னும் சைக்கிளை விடவில்லை. ஸ்டாண்டில் வண்டியைப் போட்டதும் அவர்கள் செய்யும் முதல் காரியம் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வதுதான். முதுகில் சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கும். விரல்கள் மரத்துப் போயிருக்கும். மிதித்து மிதித்து உடம்பு சூடேறிய அதே மனிதருக்கு விரல் மட்டும் ஏன் குளிர்கிறது?

காற்றைத்தான் முதலில் குற்றம் சொல்லத் தோன்றும். அது நியாயமும்கூட. நம் தோலை ஒட்டிச் சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு காற்றுப் படலம் இருக்கிறது. அசையாமல் இருக்கும்வரை அது நல்ல போர்வை. அசையாத காற்றைவிட மோசமாக வெப்பத்தைக் கடத்தும் பொருட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் போகும்போது அந்தப் போர்வையை எதிர்க்காற்று உரித்தெடுத்துவிடுகிறது. விரல் போன்ற மெல்லிய உருளையிலிருந்து வெப்பம் வெளியேறும் வேகத்தைக் கணக்கிட்டால், அசையாத காற்றில் இருப்பதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வேகம் இரட்டித்தால் இழப்பு இரட்டிப்பதில்லை. சுமாராக வேகத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் கூடுகிறது. 10 கிலோமீட்டரிலிருந்து 20க்கு ஏறினால் நாற்பது சதவீதம் போல அதிகமாகும், அவ்வளவுதான். பெரிய அடி விழுவது நின்றிருந்த சைக்கிள் கிளம்பும் அந்த முதல் கட்டத்தில். அதனால் குளிருகிறதே என்று மெதுவாக மிதிப்பவருக்குப் பெரிய லாபம் இல்லை. காற்று கொஞ்சம் குறையும். உடம்பு உண்டாக்கும் சூடும் சேர்ந்து குறையும்.

காற்றால் கூடும் குளிரை முதன்முதலில் முறையாக அளந்தவர்கள் அமெரிக்கர்களான பால் சைப்பிளும் சார்லஸ் பாசலும். சைப்பிள் 1928இல் சாரணச் சிறுவனாக அட்மிரல் பேர்டின் அண்டார்க்டிகா பயணத்தில் இடம்பிடித்தவர். பிறகு விஞ்ஞானியாக அங்கே திரும்பிய அவரும் பாசலும் நீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் உருளையை வெளியே தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் அது உறைகிறது என்று குறித்தார்கள். 1945இல் வெளியான அந்தக் கணக்குதான் வானிலை அறிக்கைகளில் வரும் ‘விண்ட் சில்’ எண்ணுக்கு மூதாதை. 2001இல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தி எழுதின. செல்பேசியில் அந்த எண்ணைத் தேடும் நெய்வேலிக்காரருக்கு ஒரு செய்தி: 10 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்தால்தான் அந்தச் சூத்திரம் செல்லும். நம் ஊரின் குளிர் அதன் எல்லைக்குள்ளேயே வராது. நம் கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

போட்டுப் பார்ப்போம். ஒரு கையின் தோல் பரப்பு சுமார் 400 சதுர சென்டிமீட்டர். தோல் 30 டிகிரியில் இருக்கட்டும், காற்று 20. எதிர்க்காற்றில் ஒரு கை இழப்பது ஏறத்தாழ 20 வாட். இரண்டு கைக்கும் 40. கால் மணி நேரப் பயணத்தில் மொத்தம் 36 ஆயிரம் ஜூல். இந்த ஊரின் மண்ணுக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி, அதாவது லிக்னைட், கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோகலோரி தரும். நல்ல நிலக்கரியின் பாதிக்கும் குறைவுதான், எடையில் பாதி வெறும் ஈரம் என்பதால். அப்படிப்பட்ட ஏழை எரிபொருளிலேகூட 36 ஆயிரம் ஜூலுக்கு மூன்றரை கிராம் போதும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக வெளிவந்தது பின்னாளில் ஒரு நகரத்தையே உண்டாக்கியது. 1956இல் நிலக்கரி நிறுவனம் பிறந்தது. மலை மலையாக லிக்னைட்டை வெட்டியெடுக்கும் ராட்சதச் சக்கர எந்திரங்களை நோக்கிப் போகும் ஒருவரின் பத்து விரலையும் சூடாக வைக்க அதில் ஒரு சிட்டிகை போதும்.

அந்தச் சிட்டிகைக்கும் உடம்பில் பஞ்சமில்லை. நிதானமாக மிதிப்பவரின் உடல் மிதியில் செலுத்தும் உழைப்பு போக 250 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குகிறது. கைகளுக்கு வேண்டியது 40. இருக்கிற சூடு விரலுக்குப் போய்ச் சேராததுதான் கோளாறு.

விரலை மடக்கிப் பாருங்கள். அசைவது விரல், உழைக்கும் தசையோ முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருக்கிறது. இடது கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு வலது விரல்களை மடக்கினால் தோலுக்கடியில் தசை நெளிவது தெரியும். விரலுக்குள் இருப்பது எலும்பு, தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய், கொஞ்சம் கொழுப்பு. சொந்தமாகச் சூடு உண்டாக்கும் அடுப்பு அங்கே கிடையாது. தொடை அப்படியா? அது முழுக்கத் தசை. போதாக்குறைக்கு விரலைவிடப் பத்து மடங்கு பருமன். உருளை பருமனாக ஆக, அதன் கனஅளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு சுருங்கும். ஆகவே ஒவ்வொரு கிராம் சதைக்கும் விரல் தொடையைப் போலப் பத்து மடங்கு தோலைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது.

எனவே விரலுக்குச் சூடு ரத்தத்தின் வழியாகத்தான் வர வேண்டும். ஒரு கை இழக்கும் 20 வாட்டை ஈடுகட்ட, 36 டிகிரியில் உள்ளே வந்து 30இல் திரும்பும் ரத்தம் நிமிடத்துக்கு 55 மில்லிலிட்டர் வேண்டும். இது அதிகமே இல்லை. சூடான நாட்களில் அதைத் தாண்டியே கைக்குள் பாய்கிறது. ஆனால் விரல்நுனி, உள்ளங்கை, பாதம், காது, மூக்கு ஆகிய இடங்களில் தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கும் குறுக்குவழிகள் உண்டு. வீராணம் ஏரிக்கு மதகு போல இவை உடம்புக்கு. திறந்தால் ரத்தம் வெள்ளமாகப் பாயும். மூடினால் திசுக்கள் உயிரோடிருக்கத் தேவையான கசிவு மட்டும் மிஞ்சும். முழுக்கத் திறந்த நிலைக்கும் முழுக்க மூடிய நிலைக்கும் இடையே விரலின் ரத்த ஓட்டம் ஏறத்தாழ நூறு மடங்கு மாறுகிறது. உடம்பில் வேறெந்தத் தோலிலும் இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கம் இல்லை.

இந்த மதகைத் திறந்து மூடுவது கை அல்ல. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ். அது உள்ளுடம்பின் சூட்டையும், உடம்பு முழுக்கத் தோலிலிருந்து வரும் செய்தியையும் சேர்த்துப் பார்த்துத் தீர்மானிக்கிறது. துணியில்லாமல் சும்மா இருக்கும் மனிதருக்கு 28 முதல் 30 டிகிரி வரையுள்ள காற்றுதான் குளிரும் இல்லை வெக்கையும் இல்லை என்ற நிலை. அரைக்கைச் சட்டையோடு 20 டிகிரியில் வெளியே வந்து, அதன்மேல் எதிர்க்காற்றும் அடித்தால், உடம்புக்கு அது கணக்கில் நஷ்டம். உடனே கைகளின் மதகு மூடும். அதோடு, உடற்பயிற்சி தொடங்கியதுமே தோலுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கி வேலை செய்யும் தசைகளுக்குத் திருப்புவது உடம்பின் வழக்கம். ஆக, மிதிக்கத் தொடங்கும் அந்த வேளையில் கைகளுக்கு இரண்டு பக்கமும் வாசல் அடைபடுகிறது.

நெய்வேலிச் சைக்கிள்காரரின் தலைவலி இங்கேதான் ஆரம்பம். மதகு மூடிய விரல் எதிர்க்காற்றில் எவ்வளவு வேகமாகக் குளிரும்? 16 மில்லிமீட்டர் கனமுள்ள விரலுக்குக் கணக்குப் போட்டால், 32 டிகிரியில் கிளம்பியது ஐந்து நிமிடத்தில் 24, 25க்கு வந்துவிடுகிறது. பத்து நிமிடத்தில் 22. மிதித்த சூடு உள்ளுடம்பில் சேர்ந்து, இனிச் சூட்டை வெளியேற்றலாம் என்று ஹைப்போதலாமஸ் மதகைத் திறப்பதற்கோ பத்துப் பதினைந்து நிமிடமாவது, சில நேரம் அதற்கு மேலும் ஆகிறது. டவுன்ஷிப்புக்குள் குடியிருப்பு வட்டத்திலிருந்து பள்ளிக்கோ வேலையிட கேட்டுக்கோ போகும் பயணம் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். விரல் மிகக் குளிர்ந்திருக்கும் நேரத்தில்தான் அவர் போய்ச் சேருகிறார். பத்து கிலோமீட்டர் தள்ளிக் கிராமத்திலிருந்து வருகிறவர் வழியில் பாதி தாண்டியதும் கை கதகதப்பாகிவிட்டதை உணர்வார். நீண்ட தூரம் மிதிப்பவருக்குப் பழக்கத்தால் குளிர் உறைப்பதில்லை என்று சொல்வார்கள். பழக்கத்துக்கும் பங்குண்டு, நேரத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு.

இதையெல்லாம் விட்டுவிட்டுச் சைக்கிளைக் கொஞ்சம் கவனிப்போம். பழைய ராட் பிரேக் வண்டியில் ஹேண்டில்பாரின் இரு முனையிலும் ரப்பரோ பிளாஸ்டிக்கோ கிரிப் இருக்கும். அதன் கீழே கிரிப்புக்கு இணையாக முலாம் பூசிய இரும்பு பிரேக் கம்பி ஓடும். உள்ளங்கை கிரிப்பில், நாலு விரலின் நுனி கம்பியில். 20 டிகிரியில் கிரிப்பும் கம்பியும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. தொட்டால் கம்பி மட்டும் சுரீர் என்கிறது. இரண்டு பொருட்கள் தொடும்போது, தொடும் இடத்தின் வெப்பநிலை எது சூட்டை வேகமாக இழுக்கிறதோ அதன் பக்கம் சாயும். 32 டிகிரித் தோல் 20 டிகிரி ரப்பரைத் தொட்டால் தொடும் இடம் 28 டிகிரிக்கு வருகிறது. இரும்பைத் தொட்டால் முதல் கணத்திலேயே 21.

அந்த ஏழு டிகிரி வித்தியாசம் நரம்புக்குப் பெரிய வித்தியாசம். தோலில் குளிரை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதம் இருக்கிறது. 25 முதல் 28 டிகிரிக்குக் கீழே தோல் குளிரும்போது அது திறந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். ரப்பர் அந்த வாசலின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. இரும்பு நேரே உள்ளே போய்விடுகிறது. இந்தப் புரதத்தை 2002இல் தனித்தனியே அடையாளம் கண்டவர்கள் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும். சூடு, குளிர், தொடுகை உணரும் வாயில்களைப் பற்றிய ஆய்வுகளுக்காக 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மென்தாலுக்கும் இதே வாயில் திறக்கும். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று மென்தால் கலந்த தைலத்தைக் கையில் தேய்த்துக்கொண்டு கிளம்புகிறவர், வாயிலைத் தம் கையாலேயே திறந்துவிட்டுப் போகிறார்.

இரவெல்லாம் வானத்தைப் பார்த்து நின்ற சைக்கிளுக்கு இன்னொரு குணம் உண்டு. தெளிந்த இரவில் ஒவ்வொரு பொருளும் அகச்சிவப்புக் கதிராகச் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்துபோகும். அதில்தான் பனி இறங்குகிறது. எல்லாப் பாகமும் ஒன்றுபோல இதைச் செய்வதில்லை. பளபளக்கும் முலாம் கதிர்வீச்சில் மகா கஞ்சன். கறுப்பு ரெக்சின் சீட், ரப்பர் கிரிப், பெயின்ட் அடித்த ஃபிரேம் எல்லாம் தாராளம். காலையில் பார்த்தால் சீட்டில் முத்து முத்தாக நீர், ஹேண்டில்பாரின் முலாம் பகுதியில் அவ்வளவு இருக்காது. நாம் என்ன செய்கிறோம்? வெறும் உள்ளங்கையால் சீட்டை வழித்து உதறிவிட்டு ஏறி உட்காருகிறோம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். கையில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு கிராமை எதிர்க்காற்று ஆவியாக்கும்போது சூட்டின் பெரும்பகுதியைத் தோலிலிருந்துதான் பிடுங்கும். வண்டியை இரவில் வராந்தாவிலோ வேப்ப மரத்தடியிலோ நிறுத்தினால் பனி இறங்குவது வெகுவாகக் குறையும். மரத்தின் இலைகள் வானத்தை மறைத்துவிடும். அதற்கும் இடமில்லாதவர் சீட்டைத் துடைக்க ஒரு பழந்துணியைக் கேரியரில் செருகி வைக்கலாம்.

பிரேக் கம்பிக்கு வைத்தியம் இன்னும் மலிவு. பஞ்சர் கடையில் தூக்கிப் போடும் பழைய டியூபை ரிப்பன் போலக் கிழித்துக் கம்பியில் இறுக்கிச் சுற்றினால் விரல் இரும்பைத் தொடாது. பிரேக் பிடிக்கும்போது தடுக்காத அளவுக்கு மெல்லிசாகச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

மங்கி குல்லாக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 20 டிகிரியில் காதை மூடிக்கொண்டு போகும் தமிழர்களைக் கேலி செய்வது வடக்கிலிருந்து வருகிறவர்களின் பொழுதுபோக்கு. கைக்கு உறை போடாமல் தலைக்குக் குல்லா போடுகிறார்களே என்று நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். உடலியல் அவர்கள் பக்கம் நிற்கிறது. முகத்தில் குளிர் பட்டால் கை விரல்களின் ரத்தக்குழாய்கள் அனிச்சையாகச் சுருங்கும். மப்ளர் முகத்தை மூடும்போது அந்தத் தூண்டுதல் குறைகிறது. தலைத் தோலின் ரத்தக்குழாய்களோ குளிருக்குக் கைகளைப் போலச் சுருங்குவதில்லை; மூடாத தலை சூட்டை விட்டுக்கொண்டேயிருக்கும். உடல் வெப்பத்தில் பாதி தலை வழியே போகிறது என்று ஒரு கதை உலவுகிறது, அது மிகை. தலையின் பங்கு உடல் பரப்பில் பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் கூடக்குறைய. ஆனாலும் உடம்பின் மொத்தக் கணக்கில் நஷ்டம் குறைந்தால் ஹைப்போதலாமஸ் மதகைச் சீக்கிரம் திறக்கும். தலையில் போட்ட குல்லா விரலைச் சூடாக்குவது இந்தச் சுற்றுவழியில்தான்.

அதே காரணத்தால் சட்டைக்குள் நெஞ்சருகே செருகும் செய்தித்தாளும் வேலை செய்கிறது. டூர் டி பிரான்ஸ் பந்தய வீரர்கள் மலையுச்சியிலிருந்து இறங்கும்போது சட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொள்வது பழைய வழக்கம். நம் ஊரில் பைக் ஓட்டுகிறவர்களும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதைச் செய்கிறார்கள். தாளுக்குள் காற்று புகாது, மடிப்புகளுக்கு நடுவே அசையாத காற்று சிக்கிக்கொள்ளும்.

மார்கழியில் விடியலுக்கு முன் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு சைக்கிளில் பள்ளிக்கோ கோயிலுக்கோ போகும் பெண்களுக்கு இதன் மறுபக்கம் நடக்கிறது. வழியில் முடியிலிருந்து பத்து கிராம் நீர் ஆவியானால் 24 ஆயிரம் ஜூல். இரு கைகளும் இழப்பதாகப் போட்ட கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு. அது முழுவதும் உடம்பிலிருந்து போவதில்லை என்றாலும், தலை குளிர்ந்த தண்டனையைக் கைகளும் அனுபவிக்கின்றன.

எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்கப்படாதது முன்கை. உடலியலாளர் எச். சி. பாசெட் 1948இல் வெளியிட்ட அளவீடுகளில், குளிர்ச்சியான சூழலில் இருந்தவரின் மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் 21.5 டிகிரி வரை குளிர்ந்திருந்தது. நெஞ்சிலிருந்து 37இல் கிளம்பிய ரத்தம்! கையில் தமனியும் சிரையும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. விரலிலிருந்து குளிர்ந்து திரும்பும் ரத்தம், கீழே இறங்கும் சூடான ரத்தத்திடமிருந்து வழியிலேயே சூட்டை வாங்கிக்கொண்டு உடம்புக்குத் திரும்பிவிடுகிறது. உள்ளுடம்புக்கு இது சேமிப்பு, விரலுக்கு வஞ்சனை. அரைக்கைச் சட்டை போட்டு முன்கையையும் காற்றுக்குக் கொடுத்தால் விரலுக்கு வந்து சேர்வது ஆறிப்போன ரத்தமே. விரலை இயக்கும் தசைகளும் முன்கையில்தான் என்பதால் அவை குளிர்ந்தால் பிடியின் வலுவும் குறையும். மணிக்கட்டு வரை வரும் முழுக்கைச் சட்டையும், அதன் முனையில் பொத்தானும், விலையுயர்ந்த கையுறைக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம். பழைய காலுறையின் பாதப் பகுதியை வெட்டிவிட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாலும் சரி.

கிளம்புமுன் கை காய்ச்சிக்கொள்வது? டீக்கடை அடுப்புக்கு முன்னால் நின்று கையை நீட்டுவது சுகம். ஒரு காலத்தில் இந்த ஊர் லிக்னைட்டைப் பதப்படுத்தி ‘லெக்கோ’ என்ற புகையில்லாக் கட்டிகளாக்கினார்கள். குமுட்டி அடுப்பில் அது கனன்று கிடக்கும். அப்படிக் காய்ச்சிய விரலும் எதிர்க்காற்றில் ஐந்து நிமிடத்தில் பழைய கதைக்குத் திரும்பிவிடும் என்று முன்னே பார்த்தோம். கையைக் காய்ச்சுவதைவிட உடம்பைச் சூடாக்கிக்கொண்டு கிளம்புவது மேல். வாசல் பெருக்குவதோ, நாலு குடம் தண்ணீர் எடுத்து வைப்பதோ, முதல் தெரு முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேகமாக நடப்பதோ, எதுவானாலும் பத்து நிமிட வேலை மதகை முன்கூட்டியே திறந்துவிடும். சூடான டீ குடிக்கலாம். கூடவே பீடி பற்ற வைத்தால் டீயின் பலன் போய்விடும். நிகோடின் விரல் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதில் குளிருக்குச் சளைத்ததல்ல. வாயால் கைக்குள் ஊதுவது அந்த நிமிடத்துக்கு இதம், மூச்சின் ஈரம் ஆவியாகும்போது கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பூட்டிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக் குளிர் காய்வது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, இரக்கமும் இல்லை.

சரி, கையுறை. நெய்வேலிக் குளிருக்குக் கடைகளில் கனமாகத் தொங்கும் பனிமலை உறைகள் தேவையே இல்லை. துணிக்குள் காற்று அசையாமல் நின்றால் வெறும் இரண்டு மில்லிமீட்டர் கனமே போதும். ஓடும் சைக்கிளில் கையின் இழப்பு நின்ற இடத்தில் இருந்த அளவுக்குத் திரும்பிவிடும். ‘நின்றால்’ என்பதுதான் நிபந்தனை. கம்பளி நூலில் கண்ணு கண்ணாகப் பின்னிய உறைக்குள் எதிர்க்காற்று தாராளமாகப் புகுந்து வெளியேறும். வேலைக்குக் கொடுக்கும் பருத்திப் பின்னல் உறையின் மேல் ஒரு மெல்லிய ரெயின்கோட் துணி உறை போட்டால் அதே பருத்தி இரண்டு மடங்கு வேலை செய்யும். பாலித்தீன் பையை மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. காற்றை நிறுத்தும், ஆனால் உள்ளே வியர்த்துப் பருத்தியை நனைத்துவிடும், கிரிப்பில் வழுக்கவும் செய்யும். எந்த உறையானாலும் இறுக்கமாக இருக்கக் கூடாது. இறுகிய உறை காற்றுக்கு இடம் கொடுக்காது, ரத்தத்தையும் தடுக்கும். விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்காத உறை இன்னும் சூடு, பிரேக் பிடிக்கத்தான் கஷ்டம். அது சின்ன விஷயமல்ல. நரம்பில் செய்தி ஓடும் வேகம் ஒவ்வொரு டிகிரி குளிர்ச்சிக்கும் விநாடிக்குச் சுமார் இரண்டு மீட்டர் குறைகிறது. ஏற்கெனவே மந்தமான விரலை வழுக்கும் துணிக்குள் வேறு திணித்துக்கொண்டு, பனிமூட்டத்தில் எதிரே வரும் லாரிக்குப் பிரேக் பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை. ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவதும் அப்படித்தான்.

வெப்பநாட்டுக்காரர் கை இதற்கெல்லாம் பழகவே பழகாதா என்றால், பழகும். லண்டனில் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930இல் விவரித்த ஒரு விந்தை உண்டு. பனிக்கட்டி நீரில் விரலை வைத்தால் ஐந்து பத்து நிமிடம் வலித்துக் குளிர்ந்தபின் தானாகவே ரத்தக்குழாய் திறந்து விரல் சூடாகும். மறுபடி குளிரும், மறுபடி சூடாகும். குளிர்நீரில் வலை இழுக்கும் மீனவர்களிடம் இது வலுவாக இருக்கிறது. டில்லியிலுள்ள டிபாஸ் என்ற ராணுவ உடலியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் வெப்பப் பகுதி இந்தியர்களை ஆர்க்டிக் பிரதேசத்தில் சில வாரம் தங்கவைத்துச் சோதித்தார்கள். கைகளின் எதிர்வினை படிப்படியாகத் தேறியது. ஆய்வில் பங்கேற்றவர்களில் செல்வமூர்த்தி, இளவழகன் என்ற தமிழ்ப் பெயர்களும் உண்டு. நெய்வேலிக் குளிரில் இந்தப் பயிற்சி நடக்க வாய்ப்பில்லை. 15 டிகிரிக்குக் கீழே விரல் போனால்தான் லூயிஸ் கண்ட ஆட்டம் தொடங்கும். நமக்கு வாய்த்தது பழக்கப்படுத்தும் அளவுக்குக் கடுமையில்லாத, வருத்தும் அளவுக்கு மட்டும் போதுமான குளிர்.

மரத்துப்போவது வேறு, வெளுத்துப்போவது வேறு. விரலின் ஒரு பகுதி சுண்ணாம்பு போல வெளுத்து, எல்லைக்கோடு போட்டது போல நின்று, பின் நீலமாகி, சூடேறும்போது சிவந்து எரிந்தால் அது பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862இல் விவரித்த நிலை. ஹைப்போதலாமஸின் கட்டளைக்கும் மிஞ்சி ரத்தக்குழாய் தானாகவே இறுகிக்கொள்கிறது. அதிரும் கருவிகளை நெடுங்காலம் பிடித்தவர்களுக்கு இது வருவதுண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் காற்றழுத்தச் சுத்தியல் பிடித்த சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களிடம் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் இதை ஆராய்ந்தார். குளிர்காலக் காலைகளில்தான் அவர்கள் விரல் வெளுத்தது. துளைக்கும் கருவியோடும் கிரைண்டரோடும் வேலை செய்கிறவர், காலைச் சைக்கிள் பயணத்தில் தம் விரல்நுனி வெள்ளையாவதைக் கண்டால், குளிர் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீரிழிவால் கை உணர்ச்சி மழுங்கியவர்களுக்கு வேறு ஆபத்து: குளிரும் தெரியாது, காய்ச்சிக்கொள்ளும் அடுப்பின் சூடும் தெரியாது.

சைக்கிளை விற்றுவிட்டு மொபெட்டோ பைக்கோ வாங்கியவர் கைக்கு விடிவு வந்ததா என்றால், மோசமாகத்தான் போயிருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் கையின் இழப்பு சைக்கிளில் இருந்ததைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். மிதிக்கும் வேலை இல்லாததால் உடம்பில் கூடுதல் சூடும் இல்லை. கால் மணி நேரம் கழித்துத் திறக்கும் மதகு கடைசிவரை திறக்கவே திறக்காது. டில்லிப் பக்கம் ஜனவரியில் பைக் ஹேண்டிலின் இரு முனையிலும் ரெக்சினில் தைத்த கூடு போல ஒன்றை மாட்டி, கையை அதற்குள் விட்டு ஓட்டுவார்கள். காற்று கையைத் தொடாது, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரேக்கும் கிளட்சும் கைக்குள்ளேயே இருக்கும். உறையைவிட இதுவே நல்ல ஏற்பாடு. சைக்கிளுக்கும் அதே கூட்டைத் தைத்துக்கொள்ளலாம்; சீட் கவர் தைக்கும் கடையில் பழைய ரெக்சின் துண்டே போதும். வாய்ப்பகுதி அகலமாக இருக்கட்டும், விழப்போகும் வேளையில் கையை உடனே வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.